காஸ்தா: ஒரு ஸ்பானியச் சொல் மனிதர்களைப் பிரித்த கதை

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஆங்கில வடிவத்தில் பல இடங்களில் வரும் 'கேஸ்ட்' என்ற சொல்லுக்கு எந்த இந்திய மொழியிலும் வேர் கிடையாது. ஸ்பானியரும் போர்த்துகீசியரும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதும் 'காஸ்தா' என்ற சொல்தான் அது. இந்தியாவுக்கு அது போர்த்துகீசியர் வாயிலாக வந்தது. அதே காலத்தில் ஸ்பானியர் வாயிலாக மெக்சிகோவுக்கும் போனது. போன இடங்களில் அது பெற்ற பொருள்களோ ஏறத்தாழ நேர் எதிரானவை. கோவாவில் காஸ்தா என்றால் பிறரோடு கலக்காமல் தனித்து வாழும் கூட்டம். மெக்சிகோவில் 'லாஸ் காஸ்தாஸ்' என்றால் கலந்து பிறந்தவர்கள். இரண்டும் ஒரே வித்திலிருந்து எப்படி முளைத்தன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் காலனியக் காலத்து ஆவணங்களைப் படித்தால், இல்லாத ஒன்றை இருப்பதாகவும் இருந்த ஒன்றை இல்லாததாகவும் எண்ணிக்கொள்வோம்.

தூய்மை வேரில் இருந்ததா?

பலரும் சொல்லும் விளக்கம் இது: லத்தீனில் 'காஸ்துஸ்' என்றால் தூய, கற்புள்ள என்று பொருள், அதன் பெண்பால் 'காஸ்தா', ஆகவே சாதி என்ற கருத்தின் வேரிலேயே தூய்மை இருக்கிறது. இந்த விளக்கம் பழையது. 1611ல் வெளிவந்த தன் அகராதியில் செபாஸ்தியான் தே கோவார்ரூபியாஸ் இதைத்தான் எழுதினார். நல்ல பிள்ளைகள் பிறக்க வேண்டுமானால் பெற்றோர் காமத்தில் கட்டுப்பாடு உள்ளவர்களாக இருக்க வேண்டும், அதனால்தான் குலத்துக்கு இந்தப் பெயர் என்று காரணமும் சொன்னார்.

ஆனால் அதே பதிவில், 'நல்ல காஸ்தா' என்றும் 'கெட்ட காஸ்தா' என்றும் மக்கள் சொல்வதாக அவரே குறிப்பிடுகிறார். சொல்லுக்குள் தூய்மை இருந்திருந்தால் 'கெட்ட தூய்மை' என்ற பேச்சு எழுந்திருக்காது. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1495 வாக்கில் அச்சான ஸ்பானிய-லத்தீன் சொல்தொகுதியில், அந்தோனியோ தே நெப்ரிஹா காஸ்தாவுக்கு லத்தீன் இணையாக 'காஸ்துஸ்' குடும்பத்துச் சொல் எதையும் தரவில்லை. பிறப்பு, குலம் என்று பொருள்படும் 'கேனுஸ்' என்பதையே தந்தார்.

20ஆம் நூற்றாண்டில் ஸ்பானியச் சொற்பிறப்பியலின் பெரிய அகராதியைத் தொகுத்த கோரோமினாஸ் வேறு வழியைக் காட்டினார். கி.பி. 711 வரை ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியரின் மொழியில் 'காஸ்த்ஸ்' என்ற சொல் இருந்திருக்கலாம், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள், விலங்குக் கூட்டம், பறவைக் குஞ்சுகளின் தொகுதி ஆகியவற்றை அது குறித்திருக்கலாம் என்பது அவர் கருத்து. அந்தக் கோத்தியச் சொல் எந்த ஏட்டிலும் எழுத்தில் கிடைக்கவில்லை. பழைய நார்ஸ், ஆங்கிலம் ஆகியவற்றில் உள்ள உறவுச் சொற்களைக் கொண்டு மீட்டுருவாக்கப்பட்ட வடிவம் அது. அதனால்தான் ஸ்பானிய ராயல் அகாதமியின் அகராதியும் 'ஒருவேளை' என்ற சொல்லோடுதான் அதைத் தருகிறது. ஊகம் என்றாலும், பழைய வழக்குகளோடு பொருந்திப்போவது இதுதான். வேட்டைநாயின் வால் நீண்டிருப்பது அதன் காஸ்தாவிலிருந்து வந்தது என்ற ஸ்பானியப் பழமொழி இன்றும் வழக்கில் உண்டு. தமிழில் 'உயர்சாதி நாய்' என்று சொல்லும்போது சாதி என்ற சொல் செய்யும் வேலையைத்தான் காஸ்தா அங்கே செய்கிறது. விலங்கு வளர்ப்போர் எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்று கவனித்ததில்தான் இந்தச் சொல் புழங்கியது.

துணியில் ஓடிய இழை

தூய்மை பிற்பாடு வந்து ஏறியது. அது ஏறிய வழிக்கு ஆண்டும் இடமும் உண்டு. 1449ல் தொலேதோ நகரில் வரிக்கு எதிராக எழுந்த கலகம், மதம் மாறிய யூதர்களின் மேல் பாய்ந்தது. கலகத்தை நடத்திய பேத்ரோ சார்மியந்தோ, யூத வழிவந்த கிறிஸ்தவர்கள் நகரில் பதவி வகிக்கக்கூடாது என்று ஓர் ஆணை பிறப்பித்தார். ஞானஸ்நானம் பெற்றாலும் இரத்தம் மாறாது என்ற வாதம் சட்ட வடிவில் நின்றது அங்கே. பிறகு மடங்கள், கல்லூரிகள், வீரர் சங்கங்கள் ஒவ்வொன்றாக 'இரத்தத் தூய்மை' விதிகளை எடுத்துக்கொண்டன. தொலேதோ பேராலயம் 1547ல் எடுத்துக்கொண்டது.

இந்தத் தூய்மையை நிறுவ ஒரு நடைமுறை இருந்தது. பதவி கேட்பவர் தன் பெற்றோர், இருபக்கத்துப் பாட்டன் பாட்டிமார் பெயர்களையும் அவர்கள் பிறந்த ஊர்களையும் எழுதிக் கொடுப்பார். விசாரணையாளர் அந்த ஊர்களுக்குப் போய், வயதான உள்ளூர்வாசிகளை அழைத்து, முன்கூட்டியே எழுதிய கேள்விகளை வரிசையாகக் கேட்பார். செலவு விண்ணப்பித்தவருடையது. இந்த முறையின் பெரிய கோளாறு, ஊர்ப்பேச்சும் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டதுதான். 'ஊரறிந்த விஷயம்' என்று ஒரு பகையாளி சொன்னாலே விண்ணப்பம் முடங்கியது. பணமுள்ளவர் சாட்சிகளை விலைக்கு வாங்கினார்.

இந்தச் சூழலில்தான் காஸ்தாவுக்கு அண்டைச் சொல்லான 'ராஸா'வும் திரிந்தது. கோவார்ரூபியாஸ் அதற்கு மூன்று பொருள் தருகிறார். சூடு போட்டு அடையாளமிட்ட நல்ல குதிரையினம் ஒன்று. நெய்த துணியில் மற்ற இழைகளோடு சேராமல் தனித்துத் தெரியும் இழை இன்னொன்று. மூன்றாவது மனிதக் குலங்களைப் பற்றியது, அங்கே அது கெட்ட பொருளில் வரும் என்கிறார்: மூர் (முஸ்லிம்) அல்லது யூத 'ராஸா' ஒருவரிடம் இருப்பது. காஸ்தா பெருமைக்கும் ராஸா குறைக்கும் என்று அக்காலத்தில் வேலை பிரிந்திருந்தது. இன்று ராஸாதான் 'இனம்' என்பதற்குப் பொதுச்சொல். அந்தத் துணிக் குறை எவருக்கும் நினைவில் இல்லை.

மெக்சிகோ: கலந்தவர்களுக்கு வந்த பெயர்

பெருமைக்குரிய சொல் கடல் கடந்ததும் கீழே இறங்கியது. நியூ ஸ்பெயின் என்று அழைக்கப்பட்ட மெக்சிகோவில் சட்டம் முதலில் அறிந்தவர்கள் இரு சாரார்: ஸ்பானியர், இந்தியோக்கள் எனப்பட்ட பூர்வகுடிகள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் மூன்றாமவர். இவர்களுக்குள் கலந்து பிறந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் அடங்கவில்லை. 'பல வகையினர்' என்ற பொருளில் அவர்களை 'லாஸ் காஸ்தாஸ்' என்றார்கள். பன்மை முக்கியம். ஸ்பெயினில் ஒருமையில் 'காஸ்தா உடையவன்' நற்குடிப் பிறந்தவன். மெக்சிகோவில் பன்மையில் 'காஸ்தாக்களில் ஒருவன்' நற்குடி இல்லாதவன்.

இதற்குப் பணத்தோடும் தொடர்பு இருந்தது. பூர்வகுடிகள் அரசருக்குத் திறை கட்டினர். ஆப்பிரிக்க வழியுள்ள சுதந்திர மக்களும் கட்டினர். ஸ்பானியருக்கும் பூர்வகுடிக்கும் பிறந்த மெஸ்தீஸோக்களுக்கு விலக்கு இருந்தது. ஆகவே திருமுழுக்கின்போது பங்குத்தந்தை எந்த ஏட்டில் எந்தச் சொல்லை எழுதுகிறார் என்பது ஒரு குடும்பத்தின் வரியைத் தீர்மானிக்கும் விஷயம். பல பங்குகளில் ஸ்பானியருக்கு ஓர் ஏடு, மற்றவர்களுக்கு வேறு ஏடு. ஆனால் அந்தச் சொல் நிலையானதல்ல. ஒருவரே திருமுழுக்கில் முலாட்டோ (ஸ்பானியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் பிறந்தவர்), திருமணத்தில் மெஸ்தீஸோ, அடக்கத்தில் ஸ்பானியர் என்று எழுதப்பட்டதை வரலாற்றாய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உடை, பேச்சு, தொழில், சாட்சிகளின் அந்தஸ்து எல்லாம் பார்த்து எழுதப்பட்டது அது. ஆவணங்களில் இதைக் குறிக்க அடிக்கடி வருவது 'காலிதாத்', அதாவது 'தரம்' என்ற சொல்.

'காஸ்தா ஓவியங்கள்' என்ற வகை 1710களில் மெக்சிகோவில் தோன்றி, அந்த நூற்றாண்டு முழுதும் வரையப்பட்டது. பெரும்பாலும் 16 படங்கள் கொண்ட தொகுதி. ஒவ்வொன்றிலும் தந்தை, தாய், பிள்ளை. மேலே ஒரு வாசகம்: 'ஸ்பானியருக்கும் இந்தியாவுக்கும் மெஸ்தீஸோ' ('இந்தியா' என்பது இங்கே பூர்வகுடிப் பெண்). மிகெல் கப்ரேரா 1763ல் வரைந்த தொகுதி இவற்றில் புகழ்பெற்றது. படங்களின் கணக்கை ஊன்றிப் பார்த்தால் அதன் அநியாயம் புரியும். மெஸ்தீஸோ ஸ்பானியரை மணந்தால் பிள்ளை காஸ்தீஸோ. காஸ்தீஸோ ஸ்பானியரை மணந்தால் பிள்ளை ஸ்பானியர். பூர்வகுடி இரத்தம் மூன்று தலைமுறையில் கரைந்துவிடுகிறது. ஆப்பிரிக்க இரத்தத்துக்கு அந்த வழி கிடையாது. எத்தனை தலைமுறை வெள்ளையரை மணந்தாலும் 'தோர்னா அத்ராஸ்', அதாவது 'பின்னோக்கித் திரும்பியது' என்ற ஒரு பிள்ளை வந்து நிற்கும். லோபோ (ஓநாய்), கொயோட்டே என்று விலங்குப் பெயர்களும், 'உன்னைப் புரியவில்லை' என்ற பொருளுடைய பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. முலாட்டோ என்பதையே கோவேறு கழுதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகத்தான் பொதுவாகக் கொள்கிறார்கள்.

இந்த ஓவியங்களைப் பார்த்து, 16 படிகளும் சட்டத்தில் இருந்த இறுகிய 'காஸ்தா முறை' என்று எண்ணிவிடுவது பரவலான தவறு. பங்கு ஏடுகளில் உண்மையில் புழங்கியவை ஏழெட்டுச் சொற்களே. மற்றவை பெரும்பாலும் ஓவியச் சட்டகத்துக்குள் வாழ்ந்தவை. 'காஸ்தா முறை' என்ற தொடரே 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்களின் கையில் உருப்பெற்றது. அதற்காகப் பாகுபாடு இல்லை என்று ஆகாது. 1795ல் ஸ்பானிய அரசர் வெளியிட்ட கட்டணப் பட்டியலில், ஆப்பிரிக்க வழி வந்த 'பார்தோ' என்ற நிலையிலிருந்து விலக்கு வாங்க 500 ரியால், அதைவிடக் குறைந்த ஆப்பிரிக்க வழியுள்ள 'கின்தெரோன்' நிலையிலிருந்து விலக்கு வாங்க 800 ரியால் என்று விலையே போட்டிருந்தது. பிறப்பின் குறையைக் காசு கொடுத்து நீக்க அரசே வழி வைத்திருந்தது.

1812ல் காதிஸ் நகரில் இயற்றப்பட்ட ஸ்பானிய அரசியல் சட்டம் கடலுக்கு இருபுறமும் உள்ளோரை 'ஸ்பானியர்' என்றது. ஆனால் 22ஆம் பிரிவு, எந்த வழியிலாவது ஆப்பிரிக்க மூலம் உள்ளவராகக் கருதப்பட்டவர்களுக்குக் குடியுரிமையை மறுத்தது. நற்பண்பும் தகுதியும் காட்டினால் தனித்தனியே தருவோம் என்றது. அவர்களைக் கணக்கில் சேர்த்தால் அமெரிக்கப் பகுதிகளுக்குக் கூடுதல் பிரதிநிதிகள் கிடைப்பார்கள் என்ற அச்சம் இதற்குள் இருந்தது. மறு ஆண்டு, செப்டம்பர் 1813ல், சில்பன்சிங்கோவில் கூடிய பேரவையின் முன் மெக்சிகோ விடுதலைத் தலைவர் ஹொசே மரியா மொரேலோஸ் வைத்த அறிக்கையின் 15ஆம் கூறு, அடிமைமுறையும் காஸ்தா வேறுபாடும் என்றென்றைக்கும் ஒழிய வேண்டும் என்றது. அவரே பங்குக் குருவாக இருந்தவர். அந்த ஏடுகளை எழுதிப் பழகிய வர்க்கத்திலிருந்து வந்த குரல் அது. 1822 செப்டம்பரில், சுதந்திர மெக்சிகோ ஆவணங்களில் குடிமக்களைப் பிறப்பின்படி வகைப்படுத்துவதைத் தடை செய்தது.

சொல் அதோடு ஓயவில்லை. 1847 ஜூலையில் யுக்கத்தான் தீபகற்பத்தின் தெபிச் ஊரில் தொடங்கிய மாயா மக்களின் எழுச்சிக்கு 'காஸ்தாக்களின் போர்' என்று பெயர் வைத்தார்கள். நிலமும் வரியும் கடன் அடிமைத்தனமும் காரணமான போருக்கு இந்தப் பெயர், அதை வெள்ளையரை அழிக்க வந்த இனவெறியாகக் காட்ட உதவியது. இங்கே காஸ்தா கலப்பையும் குறிக்கவில்லை, நற்குடியையும் குறிக்கவில்லை. மெக்சிகோப் படை மாயாக்களின் தலைநகரான சான் சாந்த குரூஸைப் பிடித்த 1901 வரை நீண்ட போர் அது.

கோவாவிலிருந்து சென்னைக் கோட்டை வரை

இந்தியாவில் இறங்கிய போர்த்துகீசியர் கண்டது வேறு. பிறப்பு, திருமணம், தொழில் மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டிருந்த கூட்டங்கள். 1563ல் கோவாவில் அச்சான தன் மருந்துநூலில் மருத்துவர் கார்சியா தா ஒர்தா, இங்கு எவரும் தந்தையின் தொழிலை விட்டு மாறுவதில்லை, செருப்புத் தைப்போர் எல்லாரும் ஒரே காஸ்தா என்று எழுதினார். அவரே ஸ்பெயினிலிருந்து போர்த்துகலுக்குப் போன யூதக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராக வாழ்ந்தவர். அவர் இறந்த பின், 1580ல், கத்தோலிக்கத் திருச்சபையின் மதவிசாரணைத் தீர்ப்பின்படி அவருடைய எலும்புகள் தோண்டி எடுத்து எரிக்கப்பட்டன. இரத்தத்தைத் தேடும் ஐபீரிய (ஸ்பெயின், போர்த்துகல்) காஸ்தா எப்படிப்பட்டது என்பதை அறிந்த ஒருவர்தான் இந்தியச் சாதிக்கு அந்தப் பெயரை எழுதினார்.

1567ல் கூடிய கோவா திருச்சபை மன்றம், இந்துக்கள் உயர்வு தாழ்வுள்ள காஸ்தாக்களாகப் பிரிந்து, மேலுள்ளவர் கீழுள்ளவரோடு உண்ணவோ பருகவோ மறுக்கிறார்கள் என்று குறை சொன்னது. உணவு, தீண்டல், தொழில் ஆகியவை ஐபீரியச் சொல்லின் பழைய பொருளில் இல்லாதவை. அவை இந்தியாவில் சேர்ந்தவை. அதே சமயம் வர்ணம், சாதி, உட்சாதி, குலம் என்று இங்கே தனித்தனிப் பெயருள்ள அடுக்குகள் அனைத்தும் ஒரே சொல்லுக்குள் நசுங்கின.

சென்னையின் பழைய ஆவணங்களில் இந்த நசுக்கலைத் தெளிவாகக் காணலாம். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கும்பினியார் வலங்கை, இடங்கை அணிகளையும் 'காஸ்ட்' என்றே எழுதினார்கள். 1707ல் ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில் ஊர்வல உரிமை பற்றி எழுந்த மோதலில், வலங்கையாருக்குப் பெத்தநாயக்கன்பேட்டையும் இடங்கையாருக்கு முத்தியாலுப்பேட்டையும் ஒதுக்கப்பட்டன. வலங்கை என்பது பல சாதிகள் சேர்ந்த அணி. அது ஒரு சாதி அல்ல. ஆங்கிலப் பதிவை மட்டும் படித்துவிட்டு இதை இரு சாதிகளின் சண்டை என்று எழுதுபவர்கள் இன்றும் உண்டு.

ஆங்கிலத்தில் இச்சொல் நெடுங்காலம் 'எறி' என்று பொருள்படும் உள்நாட்டுச் சொல்லின் அதே எழுத்துக்கூட்டலில் இருந்தது. கடைசியில் 'இ' சேர்ந்த இன்றைய வடிவம் 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின்பே நிலைபெற்றது, பிரெஞ்சு எழுத்துமுறையின் செல்வாக்கில். இதனால் ஒரு குழப்பம் தங்கிவிட்டது. ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் 'அவுட்காஸ்ட்' இடைக்கால ஆங்கிலச் சொல். 'வெளியே எறியப்பட்டவர்' என்பதே பொருள், இந்தியாவோடு தொடர்பில்லை. அதன்மேல் பின்னாளில் 'கேஸ்ட்' ஒட்டி, 'சாதிக்குப் புறம்பானவர்' என்ற புதுச் சொல் பிறந்தது. பழைய நூல் ஒன்றில் முதல் வடிவத்தைப் பார்த்து அதைச் சாதியோடு இணைப்பது பிழை.

1916ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை, தூய்மை என்ற மூடுதிரையை விலக்கிவிட்டு அகமணத்தையே, அதாவது தன் கூட்டத்துக்குள்ளேயே மணப்பதையே, சாதியின் உயிராகக் காட்டியது. மூடிக்கொண்ட வர்க்கமே சாதி என்றார். யார் யாரோடு சேரலாம் என்ற கட்டுப்பாடு: மந்தை வளர்ப்போர் பேச்சில் தொடங்கி, தொலேதோவின் விசாரணை, மெக்சிகோவின் ஏடு, இந்தியத் திருமணம் வரை காஸ்தாவின் எல்லாப் பொருள்களிலும் மாறாமல் ஓடுவது அது ஒன்றுதான்.

திரும்பி வந்த சொல்

ஐரோப்பாவுக்கு இந்தியப் பொருளோடு திரும்பிய சொல் அரசியல் ஆயுதமானது. 1789 ஜனவரியில் வெளிவந்த, மூன்றாம் வகுப்பாரை (பிரபுக்களும் குருமாரும் அல்லாத பொதுமக்களை) பற்றிய துண்டறிக்கையில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சியேயெஸ் தம் நாட்டுப் பிரபுக்களைச் 'சாதி' என்று அழைத்து, அதுவே சரியான சொல் என்று அடிக்குறிப்பும் எழுதினார். 2007ல் இத்தாலியில் ரிட்ஸோ, ஸ்டெல்லா என்ற இரு செய்தியாளர்களின் நூல் அரசியல்வாதிகளை 'லா காஸ்தா' என்று சாடியது. 2014ல் ஸ்பெயினில் தொடங்கிய பொதேமோஸ் என்ற இடதுசாரிக் கட்சி அதை முழக்கமாக்கியது. 2023ல் அர்ஜென்டினாவின் அதிபரான ஹாவியேர் மிலேய் வலதுசாரிப் பக்கத்திலிருந்து அதே சொல்லைக் கையாண்டார். எதிரெதிர்க் கொள்கையினர் இருவருக்கும் அது பயன்பட்டது. உள்ளே இருப்பவர் யார் என்று ஒவ்வொருவரும் தம் வசதிப்படி நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா!

பழைய விலங்குப் பொருளும் உயிரோடு இருக்கிறது. காளைப்போர் மாடுகளைப் பற்றிய 2001ஆம் ஆண்டின் ஸ்பானிய அரசாணை, கப்ரேரா, கல்யார்தோ, நவார்ரா, வாஸ்கேனா, விஸ்தாஎர்மோஸா என்று மூலக் காஸ்தாக்களை வரிசைப்படுத்துகிறது. விடாமல் போராடும் ஆட்டக்காரரை 'காஸ்தா உள்ளவர்' என்று கால்பந்து வருணனையாளர்கள் புகழ்வது இதிலிருந்து வந்தது. போர்த்துகலில் காஸ்தா என்றால் திராட்சை வகை.

தமிழில் பெயர்ப்பவர்கள் 'காஸ்தா'வைக் கண்டவுடன் 'சாதி' என்று எழுதிவிடாமல், ஊரையும் ஆண்டையும் முதலில் பார்க்க வேண்டும். பிறகு ஒருமையா பன்மையா, முன்னே அடைமொழி உண்டா என்று பார்க்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் 'நல்ல காஸ்தா' என்றால் நற்குடி. 18ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் பன்மையில் வந்தால் கலப்பு வழியினர். அங்கே 'சாதிகள்' என்று எழுதினால் அகமணம் செய்யும் கூட்டங்கள் என்று வாசகர் எடுத்துக்கொள்வார், உண்மையோ அதற்கு நேர்மாறு. போர்த்துகீசிய இந்தியாவில் தொழிற்பெயரோ இனப்பெயரோ தொடர்ந்தால் சாதி, ஆனால் அடுக்கு எது என்று சூழலைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும். இன்றைய அரசியல் செய்தியில் 'ஆளும் கூட்டம்' போதும். 'காஸ்தீஸோ' இன்னும் வழுக்கும்: மாட்ரிட்டில் மண்மணம் மாறாத உள்ளூர்க்காரர், மெக்சிகோ ஏட்டில் முக்கால் பங்கு ஸ்பானிய வழியினர், அதன் போர்த்துகீசிய வடிவம் 16ஆம் நூற்றாண்டுக் கோவாவில் போர்த்துகீசியப் பெற்றோருக்கு இந்தியாவில் பிறந்த பிள்ளை. மூன்றுக்கும் பொதுவாக ஒரு தமிழ்ச்சொல் தேடுவதைவிட, சொல்லை அப்படியே எழுதி முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் தருவதே நேர்மையான வழி.